"தண்ணி வரல"னு நாலு மொழியில் எழுதினாங்க, மெஷின் ஒண்ணைத்தான் படிச்சது

(ஓசூரில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத தோழர்களுக்காக முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



ஜூஜூவாடியிலிருந்து, பாகலூரிலிருந்து, தேன்கனிக்கோட்டையிலிருந்து, சூளகிரியிலிருந்து, பர்கூரிலிருந்து ஷிப்ட் முடித்துத் தூக்கத்தையும் விட்டுட்டு வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே! வீட்டிலிருந்து இதைப் போனில் படிக்கிற தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் முதலில் நன்றி.

இன்றைக்கு நான் எதிர்க்கட்சியைப் பற்றிப் பேசப் போவதில்லை. நம்மைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் என் கைக்கு ஒரு அறிக்கை வந்தது. நம் பகுதி மக்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளையெல்லாம் ஒரு மென்பொருள் படித்து, ஆதரவு எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருந்தது. பச்சை நிறம் ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு. ஒரு வார்டு முழுக்கப் பச்சை. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. நமக்கு இங்கே வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வேறு ஒரு வேலையாக அதே வார்டுக்குப் போனேன். தெருமுனையில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. லாரித் தண்ணிக்குக் காத்திருக்கிறார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நாங்க உங்க பேஜ்லயே எழுதினோமே அண்ணா. எங்க பையன்தான் போன்ல அடிச்சான். நீங்க யாரும் பாக்கலையா?"

ஆபீஸுக்கு வந்து தேடிப் பார்த்தேன். உண்மைதான், எழுதியிருந்தார்கள். தெலுங்கில், ஆங்கில எழுத்தைப் போட்டு எழுதியிருந்தார்கள். மென்பொருள் அதை "வேறு மொழி" என்ற பெட்டியில் போட்டுவிட்டது. அந்தப் பெட்டியை எங்கள் அறிக்கையில் யாரும் சேர்க்கவே இல்லை.

அன்றைக்கு வந்த வெட்கம்தான் இன்றைக்கு என்னை இங்கே பேச வைக்கிறது.

சரி, இந்த மெஷின் எப்படிப் படிக்குது?

நிறைய பேர் இதை மந்திரம் என்று நினைக்கிறார்கள். மந்திரமெல்லாம் இல்லை. நம் கிருஷ்ணகிரி மாங்கா மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு மூத்தவர் ஆயிரம் காயைக் கையில் எடுத்துக் காட்டுவார். "இது கூழ் கம்பெனிக்கு, இது மார்க்கெட்டுக்கு, இது கழிவு." பார்த்துப் பார்த்துப் பையனுக்குக் கண் பழகிவிடும். அப்புறம் அவனே பிரிப்பான். மெஷின் லேர்னிங் என்பதும் இதுதான். மனிதர்கள் சில ஆயிரம் கருத்துகளைப் படித்து, "இது பாராட்டு, இது திட்டு" என்று குறி போட்டுக் கொடுப்பார்கள். எந்தச் சொல் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று மெஷின் கணக்குப் போட்டுப் பழகும். பிறகு புதிதாக வரும் கருத்துகளை அந்தக் கணக்கை வைத்துப் பிரிக்கும்.

இதில் ஒரு முக்கியமான ஆய்வு 2002-ல் வந்தது. போ பாங், லில்லியன் லீ, சிவகுமார் வைத்தியநாதன் என்ற மூவர் அமெரிக்காவில் செய்தது. சினிமா விமர்சனங்களில் நல்லது 700, கெட்டது 700 எடுத்தார்கள். முதலில் படித்த இரண்டு பேரிடம், "பாராட்டுச் சொல் எது, திட்டுச் சொல் எது, நீங்களே பட்டியல் போடுங்கள்" என்றார்கள். அந்தப் பட்டியலை வைத்துப் பிரித்தால் 100-க்கு 58 சரி, இன்னொருவர் பட்டியலில் 64 சரி. மெஷினையே பழகவிட்டபோது, அதிகபட்சம் 83-ஐ நெருங்கியது. மனிதர் யூகித்து எழுதிய பட்டியலைவிட, எண்ணிப் பழகிய மெஷின் நன்றாகப் பிரித்தது. அதனால்தான் உலகமே இதன் பின்னால் போனது. நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் நம்புவதற்குத்தான் எதிரி.

ஏனென்றால் அது ஆங்கிலம், நிதானமாக உட்கார்ந்து எழுதிய விமர்சனம். நம்ம ஊர் கமெண்ட் அப்படியா இருக்கு?

நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். நடுவில் இரண்டு ஆங்கிலச் சொல், கடைசியில் நாலு எமோஜி. "ரொம்ப" என்ற ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலேயே எண்ணிப் பாருங்கள். மெஷினுக்கு ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல்.

இந்தச் சிக்கலைத் தமிழுக்காக எடுத்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2020-ல் பாரதி ராஜா சக்ரவர்த்தி, விக்னேஷ்வரன் முரளிதரன், ரூபா பிரியதர்ஷினி, ஜான் மெக்ரே ஆகியோர் ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். 2019-ல் வந்த படங்களின் ட்ரெய்லர்களுக்குக் கீழே யூடியூபில் மக்கள் எழுதிய தமிழ்–ஆங்கிலக் கலப்புக் கருத்துகள், மொத்தம் 15,744. ஒவ்வொன்றையும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் குறைந்தது மூன்று பேர் படித்துக் குறி போட்டார்கள். தமிழுக்கு இது பெரிய உழைப்பு. அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இப்போது அந்தக் கணக்கைப் பாருங்கள். பாராட்டு 10,559. எதிர்ப்பு 2,037. இரண்டும் கலந்தது 1,801. எந்தப் பக்கமும் சாராதது 850. வேறு மொழி 497.

இதில் நமக்கு மூன்று பாடம் இருக்கிறது.

முதல் பாடம். 15,744-ல் 10,559 என்றால் நூற்றுக்கு 67. அப்படியென்றால், எதையுமே படிக்காமல் எல்லாவற்றுக்கும் "பாராட்டு" என்று முத்திரை குத்தும் ஒரு மெஷின்கூட அங்கே நூற்றுக்கு 67 மார்க் வாங்கிவிடும்! நாளைக்கு யாராவது கோட் சூட் போட்டு வந்து, "சார், எங்க சாஃப்ட்வேர் 70 சதவீதம் கரெக்ட்டா சொல்லும்" என்றால், உடனே கை கொடுத்துவிடாதீர்கள். "திட்டுகிற கருத்தில் நூற்றுக்கு எத்தனையைச் சரியாகப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். கட்சிக்குத் தேவை அந்த எண்தான். பாராட்டுகிறவர் எங்கேயும் போகப் போவதில்லை. கோபமாக இருப்பவர்தான் போய்விடுவார்.

இரண்டாம் பாடம். அது சினிமா ட்ரெய்லருக்கு ரசிகர்கள் எழுதியது. ரசிகர் மொழி எப்படி? "மரண மாஸ்", "வெறித்தனம்", "கொல பண்ணிட்டான் தலைவன்". மரணம், வெறி, கொலை எல்லாமே அங்கே பாராட்டு! இதைப் படித்துப் பழகிய மெஷினைக் கொண்டுவந்து நம் தேசிய நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டைப் பற்றிய கருத்தைப் படிக்கச் சொன்னால்? "இது மரண ரோடு" என்று ஒருத்தர் வயிறு எரிந்து எழுதுவார். மெஷின் பச்சைப் பெட்டியில் போட வாய்ப்பு இருக்கிறது. தப்பு அந்த ஆய்வாளர்கள் மேல் இல்லை. அவர்கள் சினிமாக் கருத்து என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். பெங்களூரா காயைப் பிரிக்கப் பழகிய பையனிடம் செந்தூரத்தைக் கொடுத்துவிட்டு, "ஏண்டா தப்பாப் பிரிச்ச" என்றால் யார் மேல் தப்பு?

மூன்றாம் பாடம். குறி போட்ட மனிதர்களுக்குள்ளேயே முழு ஒற்றுமை இல்லை. ஒற்றுமையை அளக்க ஒரு அளவு உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் 1, தற்செயலாக ஒத்துப்போன அளவுதான் என்றால் 0. இங்கே வந்தது 0.6-க்குச் சற்று மேலே. தமிழர் எழுதியதைத் தமிழரே படித்து, "இது பாராட்டா, குத்தலா?" என்று தலையைச் சொறிகிறார்கள். பின்னே மெஷின் என்ன செய்யும், பாவம்!

நம் ஊரில் குத்தல் என்பது ரத்தத்தில் ஊறியது. ஒரு உதாரணம் சொல்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை இறங்கி ராகியை மிதித்துவிட்டுப் போயிருக்கும். அந்த விவசாயி எழுதுவார்: "ரொம்ப சந்தோஷங்க. இந்த வருஷம் அறுவடை வேலை மிச்சம். அதிகாரிகளுக்குக் கோடி நன்றி." இதில் சந்தோஷம் இருக்கிறது, மிச்சம் இருக்கிறது, நன்றி இருக்கிறது. மெஷினுக்கு இவர் நம் தீவிர ஆதரவாளர்! அந்த மனிதர் ராத்திரி முழுக்கப் பரண் மேல் உட்கார்ந்து காவல் காத்தவர். ஒரு வருட உழைப்பு போன ஆத்திரத்தில் எழுதியிருக்கிறார். அவரை நாம் "ஆதரவு" கணக்கில் சேர்த்துவிட்டு, அடுத்த முறை அவர் வீட்டு வாசலில் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றால் என்ன நடக்கும்?

இனி நம் எல்லைக்கு வருகிறேன். இதுதான் முக்கியம்.

ஓசூர் மற்ற ஊர் மாதிரி இல்லை. அந்தப் பக்கம் அத்திபெலே, இந்தப் பக்கம் நாம். காலையில் பெங்களூரு பஸ்ஸில் போகிறவர் ராத்திரி இங்கே தூங்குகிறார். ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கேட்கும். சிப்காட் வந்த பிறகு தென்மாவட்டத் தமிழ் வந்தது, இந்தி வந்தது, ஒடியா வந்தது. ஒரு பைப்பில் தண்ணி வரவில்லை என்றால் ஒரு வீட்டில் "தண்ணி வரல" என்பார்கள். அடுத்த வீட்டில் "நீள்ளு ராலேது". எதிர் வீட்டில் "நீரு பந்தில்லா". பள்ளிவாசல் தெருவில் "பானி நை ஆரா". பைப் ஒண்ணு, பிரச்சினை ஒண்ணு, கோபமும் ஒண்ணு.

தமிழ் மட்டும் பழகிய மெஷின் இதில் முதலாவதை மட்டும் படிக்கும். மீதி மூன்றும் "வேறு மொழி".

சென்னை ஆய்வுக்கோ சினிமா ஆய்வுக்கோ அந்த "வேறு மொழி" பெட்டி சின்ன விஷயம். 15,744-ல் 497 என்பது நூற்றுக்கு மூன்றுதான். ஓசூரில் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டால், தெருவில் பாதியைத் தூக்கிப் போட்ட மாதிரி.

அதே ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் பிறகு தொகுப்பைப் பெரிதாக்கினார்கள். தமிழ்–ஆங்கிலம் சுமார் 44,000, மலையாளம்–ஆங்கிலம் சுமார் 20,000, கன்னடம்–ஆங்கிலம் சுமார் 7,000. 2021-ல் உலகம் முழுக்க உள்ள ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். முழு மார்க் 1 என்றால், முதலிடம் வந்தவர்கள் எடுத்தது தமிழில் 0.711, மலையாளத்தில் 0.804, கன்னடத்தில் 0.630. முதலிடத்துக்கே இந்த மார்க்! அந்தத் தொகுப்பில் தெலுங்கு இல்லை. தமிழும் தெலுங்கும் ஒரே வரியில் கலந்து எழுதும் நம்ம ஊர்ப் பையனுக்கு அங்கே இடமே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. பல இந்திய மொழிகளை ஒன்றாகப் படித்துப் பழகிய பெரிய மாதிரிகள் இப்போது உண்டு. கூகுள் வெளியிட்ட மியூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது உட்பட 17 மொழிகளில் பழகியது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிகளுக்காக மாதிரிகளைப் பொதுவில் கொடுத்திருக்கிறது. ஆனால் அவற்றை எடுத்து வந்தாலும், ஓசூர்க் கருத்தை ஓசூர்க்காரர் உட்கார்ந்து குறி போட்டுச் சொல்லித்தர வேண்டும். அந்த வேலையைச் சென்னையில் இருப்பவர் செய்ய முடியாது. உங்களால்தான் முடியும்.

இப்போது உங்கள் மேலேயே ஒரு புகார். கோபிக்காதீர்கள்.

நாம் ஒரு பதிவு போட்டால் பத்து நிமிடத்தில் நூறு பேர் வந்து "சிறப்பு", "அருமை", "வாழ்க" என்று போடுகிறோம். கூடவே ஹார்ட். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெஷின் அதையும் எண்ணுகிறது. நாமே எழுதி, நாமே எண்ணி, நாமே பச்சை அடித்து, நாமே கை தட்டிக்கொள்கிறோம். இது மக்கள் கருத்து இல்லை தோழர்களே, கண்ணாடி. அதைவிட மோசம், யாராவது ஒருவர் வந்து "ரோடு சரியில்லை" என்று எழுதினால் இருபது பேர் பாய்கிறோம். "நீ எந்தக் கட்சி? எவ்வளவு வாங்கின?" அடுத்த முறை அவர் எழுத மாட்டார். அறிக்கையில் சிவப்பு குறையும். அவர் மனசில் குறையுமா?

எழுதாதவர்களையும் நினையுங்கள். தொழிற்சாலை விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் இங்கே இருக்கிறார்கள். பெயர் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பொதுவெளியில் ஒரு வரி எழுத மாட்டார்கள். எந்த மெஷினாலும் எழுதாததைப் படிக்க முடியாது. அதற்கு நாம் நடந்துதான் போக வேண்டும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தக் கருவி மக்களைக் கேட்பதற்கு, கண்காணிப்பதற்கு அல்ல. 2018-ல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலான பேஸ்புக் பயனாளர்களின் தகவல் கை மாறியிருக்கலாம் என்று பேஸ்புக் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உலகமே அதிர்ந்தது. நம் நாட்டில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு அதில் இருக்கிறது. சட்டம் விலக்கு கொடுத்தது என்பதற்காக, நம்மைத் திட்டியவர் யார், எந்தத் தெரு, எங்கே வேலை பார்க்கிறார் என்று பட்டியல் போடலாமா? கூடாது. தண்ணி கேட்டவர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளும் கட்சி மக்கள் கட்சி இல்லை.

சரி, என்ன செய்யப் போகிறோம்? ஐந்தே வேலை.

ஒன்று. வாரத்துக்கு ஒரு நாள், ஒவ்வொரு ஒன்றியத்திலும் 200 கருத்துகளை மனிதர்கள் படியுங்கள். மூன்று பேர் தனித்தனியாகக் குறி போடுங்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல். பிறகு மெஷின் சொன்னதோடு ஒப்பிடுங்கள். எங்கே தப்பு என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு. அந்த மூன்று பேரில் ஒருவருக்காவது தெலுங்கு தெரிய வேண்டும், ஒருவருக்காவது கன்னடம் தெரிய வேண்டும். உருது தெரிந்த தோழரைத் தேடிச் சேருங்கள். மூன்று பேரும் ஆண்களாக இருக்கக் கூடாது.

மூன்று. "வேறு மொழி" பெட்டியை முதலில் திறங்கள். பச்சையைக் கடைசியில் பாருங்கள்.

நான்கு. பெயர், படம், போன் நம்பர் எதையும் எடுக்காதீர்கள். கருத்தும் ஊரும் போதும். பிரச்சினை என்ன, எந்த இடம், அவ்வளவுதான் நமக்கு வேண்டும்.

ஐந்து. குறை சொன்னவரிடம் சண்டை வேண்டாம். "எந்தத் தெரு சொல்லுங்க, வந்து பார்க்கிறோம்" என்று அவர் மொழியிலேயே ஒரு வரி பதில். பிறகு உண்மையிலேயே போய்ப் பாருங்கள்.

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் வரும் கருத்தை நாம் எல்லாவற்றையும் படிக்க முடியாது. எந்த வார்டில் திடீரென்று "தண்ணி" என்ற சொல் கூடுகிறது, எந்தச் சாலையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று அது காட்டட்டும். எங்கே போக வேண்டும் என்று சொல்ல அதை வைத்துக்கொள்வோம். போக வேண்டாம் என்று சொல்ல வைத்துக்கொள்ள வேண்டாம். என் தப்பு அதுதான். பச்சையைப் பார்த்துவிட்டு நான் போகாமல் இருந்தேன்.

அந்த அம்மாவிடம் திரும்பப் போனேன். தெலுங்கு தெரிந்த தம்பி ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இப்பவாவது வந்தீங்களே" என்றார். பிறகு தெலுங்கில் ஏதோ சொன்னார். தம்பியிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பக்கத்துத் தெருவுலயும் வரலையாம் அண்ணா, அங்கயும் போகச் சொல்றாங்க."

போனோம். நீங்களும் போங்க.



(உங்கள் பகுதிப் பிரச்சினையைக் கீழே எழுதுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எந்த மொழியானாலும் சரி, எந்த எழுத்தானாலும் சரி. பெயரும் போன் நம்பரும் வேண்டாம், ஊரும் தெருவும் போதும். படிக்க ஆள் இருக்கிறோம்.)

#ஓசூர் #கிருஷ்ணகிரி #மக்கள்குரல்